திசு தெளிந்தது, ஒளிர்வு எங்கே போனது?

கேள்வி:
பச்சை ஒளிர் புரதம் கொண்ட சுண்டெலி மூளையின் ஒரு பாதியை ஒளி ஊடுருவும்படி தெளிவாக்க, டெட்ராஹைட்ரோபியூரான் என்ற கரைப்பானில் படிப்படியாக நீர்நீக்கம் செய்து, டைக்குளோரோமீத்தேனில் கழுவி, டைபென்சைல் ஈதரில் இட்டேன். மறுநாள், குப்பியின் அடியில் வைத்த கட்டத்தாளின் கோடுகள் மூளையின் ஊடாகவே தெரிந்தன. ஆனால் மூன்றாம் நாள் ஒளித்தாள் நுண்ணோக்கியில் (மெல்லிய ஒளிப்படலத்தால் அடுக்கடுக்காகப் படமெடுக்கும் கருவி) பார்த்தபோது பச்சை ஒளிர்வு ஏறக்குறைய மறைந்திருந்தது. திசுவைத் தெளிவாக்கும் அதே வேதிப்பொருள்தான் ஒளிர்வையும் அழிக்கிறதா?

மறுமொழி 1:
தெளிவாவது எப்படி என்பதிலிருந்து தொடங்குகிறேன். திசு ஒளிபுகாமல் இருப்பதற்கு நிறத்தைவிட ஒளிச்சிதறலே பெரிய காரணம். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, கொழுப்புச் சவ்வுகளுக்கும் புரதங்களுக்கும் அது கூடுதல் என்பதால், இவை சந்திக்கும் எண்ணற்ற எல்லைகள் ஒவ்வொன்றிலும் ஒளி திசைமாறுகிறது. எண்ணெய் பட்ட காகிதம் ஒளியை விடுவதும் இதனால்தான்: இழைகளுக்கு இடையே இருந்த காற்றின் இடத்தை, இழைகளை ஒத்த எண் கொண்ட எண்ணெய் பிடித்துக்கொள்கிறது. உங்கள் முறையில் நீர் வெளியேறி, கொழுப்பின் பெரும்பகுதி கரைந்து, எஞ்சிய புரதச் சட்டகத்தை 1.56 எண் கொண்ட ஈதர் நிரப்புகிறது. ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஸ்பால்டெஹோல்ட்ஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தக் கொள்கையைக் கொண்டு முழு உறுப்புகளைத் தெளிவாக்கிக் காட்டினார்.

மறுமொழி 2:
ஆம், ஓரளவு அதே பொருள்தான். பச்சை ஒளிர் புரதம் தன் வடிவத்தைக் காத்துக்கொள்ள நீர் வேண்டும். நீர்நீக்கமே அதைத் தளர்த்துகிறது. எனினும், இரண்டு நாளில் இவ்வளவு இழப்பு என்றால் நான் முதலில் சந்தேகிப்பது பெராக்சைடுகள் எனும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் சேர்மங்களையே. டெட்ராஹைட்ரோபியூரானும் டைபென்சைல் ஈதரும் காற்றுப் பட்டுப் பழையதாகும்போது பெராக்சைடுகள் உருவாகி, ஒளிர்வைத் தின்றுவிடுகின்றன. கார அலுமினா நிரப்பிய குழாய் வழியே வடித்தால் அவை நீங்கும். பெராக்சைடு உருவாவதைத் தடுக்கும் நிலைப்படுத்தியும் சேர்ந்தே நீங்குவதால் வடித்த கரைப்பானை அன்றே பயன்படுத்திவிடுங்கள். பெராக்சைடு சேர்ந்த டெட்ராஹைட்ரோபியூரானை ஒருபோதும் ஆவியாக்க வேண்டாம், வெடிக்கக்கூடும். ஒளிர்வே முதன்மை என்றால், 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் யூரியாவைக் கொண்டு உருவாக்கிய நீர்வழி முறையையோ, 2013இல் வந்த, திசுவை ஹைட்ரோஜெல் எனும் நீர்நிறை கூழில் பிணைத்துக் கொழுப்பை மட்டும் சோப்புப்பொருளால் நீக்கும் கிளாரிட்டியையோ பரிந்துரைப்பேன். இவை பொறுமையைச் சோதிப்பவை, யூரியாவில் திசு வீங்கவும் செய்யும். ஆனால் புரதத்தின் சூழலில் நீர் எஞ்சியிருக்கும்.

கேள்வி கேட்டவர்:
பெராக்சைடு சோதனைத் தாளை ஈதரில் தோய்த்தேன். சில நொடிகளில் அடர்நீலமானது. புட்டி திறந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. மீதமுள்ள பாதி மூளையை இன்னும் நீர்க்கரைசலிலேயே வைத்திருக்கிறேன். அதை யூரியா முறையில் தொடங்கப்போகிறேன்.