மூண்டரை தொன் போட்டிலை அம்பியர் மீற்றரும் ஷண்டும் பூட்டினன், பம்ப் ஓடினாலும் கணக்கு மாறேல்லை

மயிலிட்டிப் பொடியன்:

வணக்கம். எங்கடை அப்பாவிட்டை 28 அடி மூண்டரை தொன் போட் ஒண்டு இருக்கு. பின்னேரம் வெளிக்கிட்டு, வலை விட்டிட்டு, எஞ்சினை நிப்பாட்டி இரவு முழுக்க மிதந்து கிடந்து, விடியப்புறம் வலை இழுத்துக்கொண்டு வாற தொழில்.

போன மாதம் ஒரு இரவு, மூண்டு மணிக்குக் கிட்ட, முதல்லை ரேடியோ செத்தது. பிறகு ஜீபிஎஸ். கபினுக்கு மேலை இருந்த வெள்ளை லைற் ரெண்டு தரம் சிமிட்டிப்போட்டு நிண்டிட்டுது. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ எண்டு ஒரு சத்தம், வேறை ஒண்டும் இல்லை. றோலர்கள் எண்ட பெரிய இழுவைப் படகுகள் திரியிற தண்ணியிலை லைற் இல்லாமல் கிடக்கிறது எப்பிடி எண்டு கடலுக்குப் போறவைக்குத் தெரியும். அப்பா ரோச் லைற்றைப் பிடிச்சுக்கொண்டு விடியுமட்டும் அணியத்திலை நிண்டார். அயல் போட்காரர் வந்து தங்கடை பற்றரியைத் தந்துதான் ஸ்ராட் பண்ணினம்.

வெளிக்கிடேக்கை வோல்ற் மீற்றர் 12.6 காட்டினது. அதை நம்பித்தான் போனது. அதுக்குப் பிறகுதான், எவ்வளவு கரண்ட் போகுது எண்டு பாக்கிற மீற்றர் ஒண்டு வேணும் எண்டு நினைச்சு, டிஜிற்றல் அம்பியர் மீற்றரும் 100 அம்பியர் 75 மில்லிவோல்ற் ஷண்டும் (கரண்ட் போற வயருக்கு நடுவிலை பூட்டி, அதை அளக்கிற உலோகத் துண்டு) வாங்கினன்.

போட்டிலை ரெண்டு பற்றரி. ஒண்டு ஸ்ராட்டருக்கு, மற்றது 100 அம்பியர் மணி, லைற்றுக்கும் சாமானுகளுக்கும். நடுவிலை 1, 2, ரெண்டும் எண்டு திருப்பிற சுவிட்ச். கபின் கூரையிலை 100 வற் சோலர் தட்டு. ரெண்டாவது பற்றரியின்ரை மைனஸ் தலையிலை இருந்து சாமானுகளுக்குப் போற தடிச்ச வயரைக் கழட்டி, இடையிலை ஷண்டைப் பூட்டினன்.

இப்ப லைற், ஜீபிஎஸ், ஆழம் பாக்கிற சவுண்டர், ரேடியோ எல்லாம் போட்டால் 3.2 அம்பியர் காட்டுது. அது சரி போலத்தான் கிடக்கு. ஆனால் அடித்தண்ணி இறைக்கிற பம்பைப் போட்டால் அந்த 3.2 அசையேல்லை. பகல்லை நல்ல வெயிலுக்கையும் சோலர் கணக்கு 0. மீற்றர் பழுதோ? ஸ்ராட்டர் வயரையும் ஷண்டுக்குள்ளாலை விட வேணுமோ? அப்பா வேறை, “கடலுக்குப் போற வயருக்கு நடுவிலை புதுசா ஒண்டைக் கொண்டுபோய்ப் பூட்டாதை” எண்டு ஒவ்வொரு நாளும் சொல்லுறார்.

பருத்தித்துறை வயர்க்காரன்:

தம்பி, மீற்றர் பழுதில்லை. தனக்குள்ளாலை போறதை அது சரியாத்தான் எண்ணுது. எண்ணாதது பக்கத்தாலை போகுது.

ரெண்டாவது பற்றரியின்ரை மைனஸ் தலையை ஒருக்கால் குனிஞ்சு பாருங்கோ. ஷண்டுக்குப் போற வயரோடை இன்னும் ரெண்டு மூண்டு சின்ன வயர் அந்தத் தலையிலை நெருக்கிக் கிடக்கும். ஒண்டு பம்பின்ரை மைனஸ், மற்றது சோலர் கொன்ரோலரின்ரை மைனஸ். எங்கடை பக்கம் போட் வயர் பண்ணுற எல்லாரும் ரெண்டையும் நேரா பற்றரித் தலையிலைதான் முறுக்குறவை. ஷண்ட் பூட்டின பிறகு அந்தத் தலையிலை ஒரேயொரு வயர்தான் இருக்கலாம், ஷண்டுக்குப் போற வயர். மிச்சம் எல்லாம் ஷண்டின்ரை மற்றப் பக்கத்துக்கு வரவேணும்.

ஷண்டைக் கையிலை எடுத்துப் பாத்தனீங்களோ? ரெண்டு பக்கமும் பித்தளைக் கட்டி, நடுவிலை செம்பு நிறத்திலை தகடு. அந்தத் தகடு மங்கனின், செம்போடை மங்கனீசும் நிக்கலும் கலந்த உலோகம். சூடானாலும் அதின்ரை தடை பெரிசா மாறாது, அதுக்காகத்தான் அதைப் போடுறது. தகட்டின்ரை ஓரத்திலை அரம் வைச்சு வெட்டின மாதிரி ஒரு கீறல் கிடக்கலாம். கடைக்காரன் பழுதைத் தந்திட்டான் எண்டு கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்தவையை நான் கண்டிருக்கிறன். அது செய்யிற இடத்திலை தடையைச் சரிக்கட்டப் போட்ட வெட்டு. நீங்கள் அதிலை அரமோ மண்தாளோ போடக் கூடாது, போட்டால் கணக்குப் பிழைச்சிடும்.

100 அம்பியருக்கு 75 மில்லிவோல்ற் எண்டால், ஒரு அம்பியருக்கு 0.75 மில்லிவோல்ற். உங்கடை 3.2 அம்பியருக்கு 2.4 மில்லிவோல்ற் வரவேணும். மல்ரிமீற்றரை மில்லிவோல்ற்றிலை வைச்சு, ஷண்டின்ரை ரெண்டு சின்ன ஆணியிலையும் முனையை வைச்சுப் பாருங்கோ. பெரிய போல்ட்டிலை வைக்காதேங்கோ, நட்டுக்குக் கீழை இருக்கிற ஊத்தையும் சேந்து அளக்கும். இன்னும் சந்தேகம் எண்டால் பழைய கார் ஹெட்லைற் பல்ப் ஒண்டு, 55 வற், ரெண்டு வயர் வைச்சு ஷண்டின்ரை சாமான் பக்கத்தாலை கொழுத்திப் பாருங்கோ. நாலரை அம்பியர் அளவிலை கூடும்.

சின்ன ஆணி ரெண்டிலை இருந்து மீற்றருக்குப் போற மெல்லிய வயரிலை கரண்ட் போறதில்லை எண்டே சொல்லலாம். அதாலை கபின் வரைக்கும் நீட்டலாம், தடிச்ச கேபிளை மேலை ஏத்தத் தேவையில்லை. ரெண்டையும் பின்னலாட்டம் முறுக்கி, ரேடியோவின்ரை அன்ரனா வயரிலை இருந்து தள்ளிக் கொண்டுபோங்கோ. மீற்றர் எரியிறதுக்கான பிளஸ் வயர் வேறை. அதுக்குப் பற்றரிக்குக் கிட்டவே 1 அம்பியர் பியூஸ் கட்டாயம். ஷண்டைப் பற்றரிப் பெட்டிக்குள்ளை வைக்காதேங்கோ, அசிட் ஆவி ஆறு மாதத்திலை அதைப் பச்சையாக்கிப்போடும். வெளியிலை, காய்ஞ்ச இடத்திலை, கரண்ட் கடத்தாத பலகையிலை பூட்டுங்கோ. வெள்ளீயம் பூசின செப்பு வயர் கிடைச்சால் அதைப் போடுங்கோ. வெறும் செப்பை வெட்டிப் பாத்தால் உப்பு ஒரு சாண் உள்ளுக்குப் போய் வயரின்ரை இழையள் கறுத்துக் கிடக்கும்.

சோலருக்கு இன்னொண்டு பாக்க வேணும். உங்கடை மீற்றர் ரெண்டு திசையும் காட்டுற மீற்றரோ? சிலது ஒரு திசைதான் காட்டும். பற்றரிக்குள்ளை கரண்ட் வந்தால் பேசாமல் 0 எண்டு நிக்கும்.

ஸ்ராட்டர் கேபிள் ஷண்டுக்குள்ளாலை வேண்டாம். முதலாவது பற்றரியின்ரை மைனஸ் எஞ்சினுக்கு நேரா, முந்தி இருந்த மாதிரியே இருக்கட்டும்.

காரைநகர்ப் பழைய சம்மாட்டி:

தம்பிமாரே, நான் 40 வருசம் கடல்லை. வயர்க்காரத் தம்பி சொல்லுறது கணக்குக்குச் சரி. ஆனால் பம்பை மட்டும் தொடாதேங்கோ. தண்ணி இறைக்கிற பம்ப் உயிர் காக்கிற சாமான். சோளகக் காத்து அடிக்கேக்கை ஒரு நட்டு இளகி அந்த ஷண்டிலை தொடர்பு போச்சு எண்டால், லைற்றும் போய் பம்பும் சேந்து போகும். மகன், உங்கடை அப்பா சொல்லுறது பயத்திலை இல்லை, பட்டறிவிலை. பம்பு நேரா பற்றரியிலை நிக்கட்டும். அதின்ரை அம்பியரை ஒருக்கால் தனிய அளந்து, மனசிலை கூட்டிக்கொள்ளலாம்.

பருத்தித்துறை வயர்க்காரன்:

ஐயா, நீங்கள் சொல்லுற பயம் நியாயமானது, நான் அதை லேசா எடுக்கேல்லை. ஆனால் ஷண்ட் எண்டது சுவிட்சும் இல்லை, பியூசும் இல்லை. அசையிற உறுப்பு ஒண்டும் இல்லாத உலோகத் துண்டு. இளகக் கூடியது ரெண்டு பெரிய போல்ட் மட்டும்தான். பற்றரித் தலை இளகிறதும் இதுவும் ஒண்டு. ஸ்பிறிங் வாசர் போட்டு இறுக்கி, மாதம் ஒருக்கால் கையாலை ஆட்டிப் பாத்தால் போதும்.

பம்பின்ரை பிளஸ் இப்ப இருக்கிற மாதிரி, மெயின் சுவிட்சுக்கு முன்னாலை, தன்ரை பியூசோடை பற்றரியிலை இருந்து நேரா வரட்டும். மைனஸை மட்டும் ஷண்டின்ரை சாமான் பக்கத்துப் பெரிய போல்ட்டிலையே நேராப் பூட்டுங்கோ, கபினுக்குள்ளை மைனஸ் வயரெல்லாம் சேர்ற கட்டைக்குக் கொண்டுபோகாமல். அப்ப பம்புக்கும் பற்றரிக்கும் இடையிலை புதுசா வாறது அந்தத் துண்டு ஒண்டுதான்.

நான் ஏன் பிடிவாதமா நிக்கிறன் எண்டால், தம்பியின்ரை பற்றரி இரவிலை செத்ததுக்குக் கணக்குச் சரிவரேல்லை. இரவு 7 மணியிலை இருந்து 3 மணி வரைக்கும் 8 மணித்தியாலம். 3.2 எண்டால் 26 அம்பியர் மணிதான். பற்றரி கிழடாய் இருந்தாலும் அதுக்குச் சாகக் கூடாது. எங்கையோ கண்ணுக்குத் தெரியாமல் போகுது. மீற்றரிலை வராத சாமான் ரெண்டுதான். சோலர் இரவிலை எடுக்காது. மிஞ்சிறது பம்ப்.

அதோடை, தம்பி, அந்த இரவு சுவிட்ச் எதிலை நிண்டது? ‘ரெண்டும்’ எண்டதிலை நிண்டிருந்தால் ஸ்ராட்டர் பற்றரியும் சேந்து இறங்கினதுக்கு அதுதான் காரணம். அப்பிடி நிக்கேக்கை முதலாவது பற்றரி குடுக்கிற பங்கு மீற்றரிலையும் வராது. மிதந்து கிடக்கேக்கை 2. ஸ்ராட் பண்ண 1. எஞ்சின் ஓடேக்கை ரெண்டையும் சேத்துச் சார்ஜ் ஏத்தலாம், ஆனால் ஓடுற எஞ்சினிலை சுவிட்சை நிப்பாட்டுற இடத்தாலை சுத்திக் கொண்டு வராதேங்கோ, சார்ஜ் ஏத்திற ஓல்ரனேற்றரின்ரை டயோட் போயிடும். ஆபத்துக்கு ரெண்டையும் சேத்து ஸ்ராட் பண்ணினால் ரெண்டாவது பற்றரியின்ரை பங்கு ஷண்டுக்குள்ளாலை பாயும். 200 அம்பியர் எண்டு வைச்சால் அந்தத் துண்டிலை 30 வற் சூடு. ஒரு சில செக்கனுக்குத் தாங்கும், பழக்கமாக்க வேண்டாம். அடிக்கடி தேவைப்பட்டால் 300 அம்பியர் ஷண்டை வாங்கி மீற்றரையும் அதுக்கு மாத்துங்கோ.

மயிலிட்டிப் பொடியன்:

அண்ணை, ஐயா, ரெண்டு பேருக்கும் நன்றி. சுவிட்ச் ‘ரெண்டும்’ எண்டதிலைதான் நிண்டது. எப்பவும் அப்பிடித்தான் விடுறனாங்கள்.

ஞாயிறு விடிய அப்பாவைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு மாத்தினன். பற்றரித் தலையிலை நீங்கள் சொன்ன மாதிரியே மூண்டு வயர் கிடந்தது, மூண்டாவது எதுக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. தேடிப் போனால் முந்தி கழட்டின லைற்றின்ரை வயர், மறுமுனை சும்மா கிடந்தது. வெட்டி எறிஞ்சிட்டன். சோலர் மைனஸை மாத்தின உடனை மீற்றர் சைபரை விட்டு எழும்பி, முன்னாலை ஒரு கோட்டோடை 4.1 காட்டினது. ரெண்டு திசையும் காட்டுற மீற்றர்தான்.

பிறகு பம்பின்ரை மைனஸை ஷண்டிலை வைச்சன். நட்டு இறுக்க முந்தியே நம்பர் மாறிச்சுது. பேப்பரிலை எழுத வசதியா சோலரையும் நிப்பாட்டி, லைற் எல்லாத்தையும் அணைச்சுப் பாத்தன். ஒண்டும் ஓடாமல் 0 வரவேணும். 2.6 நிண்டது. காதை வைச்சுக் கேட்டால் கீழை பம்ப் மெல்ல இரைஞ்சுகொண்டு கிடந்தது. அடியிலை தண்ணி ஒரு விரல் கூட இல்லை.

பலகையைத் தூக்கினன். தண்ணி ஏறினால் மிதந்து எழும்பிப் பம்பைப் போடுற மிதவைச் சுவிட்சின்ரை முட்டியிலை தங்கூசித் துண்டு (நைலோன் மீன்பிடி நரம்பு) ஒண்டு சுத்தி, அது கீழை இறங்காமல் மேலையே பிடிச்சு வைச்சிருந்தது. எவ்வளவு நாளாக் கிடந்ததோ. இரவிலை பம்ப் சத்தம் கேக்கேக்கை, தண்ணியை இறைக்குது, பயமில்லை எண்டு நிம்மதியாப் படுத்தம். அண்ணையின்ரை 26 ஓடை இந்த 2.6 ஐ 8 மணித்தியாலத்துக்குப் பெருக்கிக் கூட்டினன், 47 க்குக் கிட்ட வருது.

ஐயா, பம்பின்ரை மைனஸை அப்பாவே ஷண்டிலை விடச் சொல்லிப்போட்டார். ஸ்பிறிங் வாசரைத் தன்ரை கையாலைதான் போட்டார். மிதவைக்கு மேலை சின்னக் கண் வலைக்கூடு ஒண்டு செய்து மூடுறம், தங்கூசி போகாமல். நேற்று இரவு சுவிட்சை 2 இலை வைச்சுப் போனம். மூண்டு மணிக்கு எழும்பிப் பாத்தன், 3.2 தான் நிண்டது.