பொட்டாசியம் 4.8 இருந்தும் ஏன் கேசிஎல்?

மட்டக்களப்பு, இரண்டாம் வருடத் தாதிய மாணவி:
நீரிழிவுக் கீற்றோஅமிலத்துவ (இன்சுலின் குறைந்து குருதியில் அமிலம் கூடும் நிலை) நோயாளி. குருதிப் பொட்டாசியம் லீற்றருக்கு 4.8 மில்லிமோல், சாதாரண அளவுதானே? இன்சுலினோடு சலைனில் பொட்டாசியம் குளோரைட்டும் (கேசிஎல்) போடச் சொல்கிறார்கள். ஏன்?

கல்லடி:
தங்கச்சி, அந்த 4.8 ஏமாற்றும் எண். இன்சுலின் இல்லாததாலும் குருதி செறிவாவதாலும் கலத்துக்குள் இருந்த பொட்டாசியம் வெளியே வருகிறது. குளுக்கோசோடு சிறுநீரில் போயும் விடுகிறது. உடலில் மொத்தக் குறை கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிமோல். 60 கிலோ ஆளுக்கு 180 முதல் 300 வரை, யோசித்துப் பாருங்கள். இன்சுலின் ஏறியதும் கலச் சுவரிலுள்ள சோடியம்-பொட்டாசியம் பம்பி வேகமெடுத்துக் குருதியில் உள்ள மிச்சத்தையும் கலத்துக்குள் இழுக்கும். குருதிப் பொட்டாசியம் இறங்கினால் ஈசிஜியில் (இதய மின்வரைபடம்) டி அலை தட்டையாகும், யூ அலை தெரியும், பிறகு இதயத் துடிப்பே குழம்பும். பொட்டாசியம் 3.5க்குக் கீழ் என்றால் இன்சுலினைத் தொடங்குமுன் வைத்தியரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

அக்கரைப்பற்று:
கல்லடி அக்கா சொன்னது சரி. சிறுநீர் போகிறதா என்று முதலில் பாருங்கள், மணிக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிலீற்றராவது. 15 சதவீதக் கேசிஎல் அம்பூல் (சிறு மருந்துக் குப்பி) 10 மில்லிலீற்றரில் 20 மில்லிமோல் உண்டு. அதை நேரே நாளத்தில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும், ஒருபோதும் கூடாது. தொங்கும் பையில் ஊசியால் விட்டால் அடியிலேயே தேங்கி, முதலில் அதுதான் செறிவாக இறங்கும். பையைக் கழற்றிக் கலந்து, பத்துத் தடவை கவிழ்த்து நிமிர்த்துங்கள். 40 மில்லிமோல் கலந்த ஒரு லீற்றர்ப் பையை 4 மணித்தியாலத்தில் விட்டால் மணிக்கு 10 மில்லிமோல். அதைவிட வேகமென்றால் இதயத் துடிப்பைக் காட்டும் மொனிற்றர் வேண்டும்.

மாணவி:
கை எரிகிறது என்று நோயாளி சொன்னால்?

கல்லடி:
வேகத்தைக் குறையுங்கள், கனுலா (நாளத்தில் ஏற்றிய சிறு குழாய்) இடத்தில் வீக்கமா பாருங்கள். வீங்கியிருந்தால் உடனே நிறுத்தி வேறு நாளம்.