மண்டபக் கூரை ஒழுக்கு: இணைப்பை மட்டும் அடைத்தால் போதுமா?

செயலவை உறுப்பினர்:
சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து மண்டபத்தில், பழைய கூரைத் தளமும் பின்னர் சேர்த்த தளமும் சந்திக்கும் விரிவிணைப்பின் (தளங்கள் விரிந்து சுருங்குவதற்காக விட்ட இடைவெளியின்) வழியே மழைநீர் இறங்குகிறது. அடைப்புப் பசை வெயிலில் இறுகி, ஒரு பக்க விளிம்பை விட்டு விலகிவிட்டது. அதன் கீழே சிமெண்டு பெயர்ந்து துருக்கம்பி தெரிகிறது. பழையதைச் சுரண்டிப் புதிய பாலியூரித்தேன் பசையை நிரப்பி, பெயர்ந்த இடத்தைப் பூசினால் போதும் என்பது என் கருத்து. நீர் இறங்குவது நின்றால் துருவும் நிற்கும்.

லயத்துப்பிள்ளை:
ஐயா, இத்தனை காலம் கம்பியைக் காத்தது வறட்சியன்று, கான்கிரீட்டின் காரத்தன்மை. புதிய கான்கிரீட்டில் காரத்தைக் காட்டும் பிஎச் அளவு 12.5க்கு மேல் இருப்பதால் கம்பியின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் நிலைக்கிறது. காற்றின் கரியமிலவாயு ஆண்டுக்கணக்கில் ஊடுருவி அந்த அளவை 9 வரை இறக்கும்போது படலம் அழிகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடத்தை அடைப்பதால் உள்ளிருந்து நெருக்கிச் சிமெண்டைத் தள்ளுகிறது. புதிதாக உடைத்த பரப்பில், காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் பினால்ப்தலீன் திரவத்தைத் தெளியுங்கள். இளஞ்சிவப்பாக மாறாத பகுதி கம்பி வரை போயிருந்தால், பசை அந்தக் காரத்தைத் திருப்பித் தராது; அந்த இடத்தைக் கொத்தித்தான் சரிசெய்ய வேண்டும்.

செயலவை உறுப்பினர்:
காரம் போனாலும் ஈரமில்லாவிட்டால் அரிப்பு வெகுவாகக் குறையும் அல்லவா? நாங்கள் கடலோரத்திலும் இல்லை; உப்பின் தொல்லை இங்கே குறைவு. ரிங்கிட்டுக்கு ரிங்கிட் வசூல் செய்து நடத்துகிற மண்டபத்தில் தளத்தையே கொத்தச் சொல்வது எளிது.

தோட்டத்து வாசகி:
இலை அடைத்த மழைநீர்க் குழாயை முதலில் பாருங்கள். தளத்தில் நீர் தேங்கினால் எந்தப் பசையும் பாவம்.

லயத்துப்பிள்ளை:
ஈரம் குறைந்தால் அரிப்பு மந்தமாகும் என்பதை நான் மறுக்கவில்லை. நீரைத் தடுக்கும் பசைக்குப் பிடிமானம் எங்கே என்பதுதான் என் கேள்வி. தளம் வெயிலில் விரிந்து மழையில் சுருங்கும்போது பசை இரு விளிம்புகளையும் இழுக்கிறது. அந்த விளிம்பு உள்ளே துருவால் பிளந்திருந்தால், நல்ல பசைகூட சிமெண்டுச் சில்லோடு சேர்ந்தே கழன்று வரும். ஆகவே சுத்தியலால் தட்டி, பொள்ளலாக ஒலிக்கும் எல்லையைக் குறித்து, கம்பியின் பின்புறம் வரை கொத்தித் துருவை நீக்கி, விளிம்பைக் கட்டி இறுகவிட்ட பிறகே பசைக்கு வர வேண்டும். அப்போதும் பசை அடித்தளத்தில் ஒட்டாதபடி இடைவெளிக்குள் திணிக்கும் நுரைக்கயிறை அடியில் வைக்காமல் ஊற்றினால் பசை மூன்று பக்கமும் ஒட்டிக்கொண்டு, நீள முடியாமல் கிழியும். 20 மில்லிமீட்டர் அகல இடைவெளிக்கு 10 மில்லிமீட்டர் ஆழம் போதும். நிறைய ஊற்றுவது நன்மையன்று.

செயலவை உறுப்பினர்:
அக்டோபர் மழைக்குள் இவ்வளவும் முடியாது.

லயத்துப்பிள்ளை:
அதுவரை இணைப்பின்மேல் நீர்காப்புப் பட்டையை ஒட்டிவையுங்கள். பசைக்கான பணத்தை இப்போது செலவிடாதீர்கள்.