ஒரே முதலாளியின் பெயரில் வேலை அனுமதி: உரிமைகள் ஏட்டோடு நின்றுவிடுவது ஏன்?

கேள்வி:
தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளர் திட்டங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊதியம், வேலை நேரம், விபத்து இழப்பீடு ஆகியவற்றில் இத்தொழிலாளர்களுக்கும் பல நாடுகளின் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. ஆனாலும் அவர்கள் புகார் கொடுக்கத் தயங்குகிறார்கள். வேலை அனுமதி ஒரே முதலாளியோடு பிணைக்கப்பட்டிருப்பதுதான் காரணமா? ஆம் எனில், அந்தப் பிணைப்பை அரசுகள் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன?

பதில் 1:
காரணம் அதுதான் என்பது என் கருத்து. உள்ளூரில் ஆள் கிடைக்காத வேலைக்கு மட்டுமே வெளியாரை அழைக்கிறோம் என்று அரசு தன் மக்களிடம் சொல்லியாக வேண்டும். வந்தவர் விரும்பிய வேலைக்கு மாறிவிட்டால் அந்தக் கணக்கே குலைந்துவிடும். முதலாளிக்கோ, தான் செலவழித்து வரவழைத்தவரைப் பக்கத்துப் பண்ணைக்காரர் இழுத்துக்கொள்வாரோ என்ற அச்சம். 1942 முதல் 1964 வரை மெக்சிகோ தொழிலாளர்களை அமெரிக்கப் பண்ணைகளுக்குக் கொண்டுசென்ற பிராசெரோ திட்டத்தில் ஊதியமும் உறைவிடமும் திரும்பும் பயணமும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தன. தொடக்க ஆண்டுகளில் சேமிப்பு என்று சொல்லி ஊதியத்தில் 10 விழுக்காடு பிடித்து மெக்சிகோ வங்கிகளுக்கு அனுப்பினார்கள். அந்தப் பணத்தைப் பலர் கண்ணாலும் காணவில்லை, முதுமையில் அதற்காக வழக்காட வேண்டியிருந்தது. மேற்கு ஜெர்மனி 1961-இல் துருக்கியோடு செய்த ஒப்பந்தத்தில் இரண்டாண்டு வரம்பு இருந்தது. வேலை பழகியவரை அனுப்பிவிட்டுப் புதியவருக்கு மறுபடி கற்றுக்கொடுக்க முதலாளிகளே விரும்பாததால், 1964-இல் அதை நீக்கினார்கள். தற்காலிகம் என்பது ஆளுக்குத்தானே தவிர, வேலைக்கு அல்ல.

பதில் 2:
ஆறாண்டுகள் வெளிநாட்டில் கட்டுமான வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பிணைப்பு உண்மைதான், ஆனால் அதைவிட இறுகிய முடிச்சு கடன். முகவருக்குக் கொடுப்பதற்காக வட்டிக்கு வாங்கிய பணத்தை அடைக்க எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. சம்பளச் சீட்டில் ‘தங்குமிடம்’ என்றும் ‘இதர’ என்றும் இரண்டு பிடித்தங்கள் மாதந்தோறும் இருக்கும். ‘இதர’ என்பது என்னவென்று கேட்பதற்காக அலுவலகத்துக்குள் போனார் என் அறைத் தோழர். மேற்பார்வையாளர் இழுப்பறையைத் திறந்து, ரப்பர் வளையம் போட்டிருந்த எங்கள் பாஸ்போர்ட் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார், அவ்வளவுதான். தோழர் ஒன்றும் கேட்காமல் திரும்பிவிட்டார். வேறு நிறுவனத்துக்கு மாறச் சட்டம் இடம் கொடுத்திருந்தாலும், இடையில் இரண்டு மாதம் சம்பளமில்லாமல் இருந்திருந்தால் வட்டிக்காரருக்கு யார் பதில் சொல்லியிருப்பார்கள்?

பதில் 3:
மேலே எழுதிய நண்பர் சொல்வதை அனைத்துலகச் சட்டமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆம் உடன்படிக்கை, சில விதிவிலக்குகள் தவிர, தனியார் முகவர்கள் தொழிலாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. இடைத்தரகரை ஒதுக்குவதற்காகவே தென்கொரியா 2004-இல் அரசுக்கு அரசு ஆள் எடுக்கும் முறையைத் தொடங்கியது. ஆனால் பணியிடத்தை மாற்ற முதல் மூன்றாண்டுகளில் மூன்று முறைதான் இடம் உண்டு, அதுவும் குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டும். கனடா எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கியது: முதலாளியின் கொடுமைக்கு உள்ளானவர்கள் எந்த முதலாளியிடமும் பணிபுரியும் அனுமதியைக் கோரலாம் என்று 2019-இல் விதி செய்தது. கொடுமை நடந்ததற்குச் சான்று காட்டும் பொறுப்பு மட்டும் விண்ணப்பிப்பவர் தலையில்தான். புலம்பெயர் தொழிலாளர் உரிமைகளுக்காக ஐக்கிய நாடுகள் அவை 1990-இல் ஏற்ற உடன்படிக்கை 2003-இல் நடைமுறைக்கு வந்தது என்பதையும் பலர் பெருமையாகக் குறிப்பிடுவார்கள். ஆள் அழைக்கும் பணக்கார நாடுகள் அதில் சேரவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ஐயா, அந்த ‘இதர’ பிடித்தம் எதற்கென்று பிறகாவது தெரிந்ததா?

பதில் 2-ஐ எழுதியவர்:
தெரிந்தது. எங்களை வேலைக்கு வைத்திருப்பதற்காக நிறுவனம் அரசுக்குக் கட்ட வேண்டிய ஆண்டுக் கட்டணத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து எங்களிடமே வாங்கியிருக்கிறார்கள். நான் திரும்பி வந்த பிறகு, அங்கே கணக்கெழுதிக்கொண்டிருந்தவர் தொலைபேசியில் பேசும்போது சொன்னார்.