5 டாலர் லினக்ஸ் கணினி உண்மையிலேயே மலிவானதா?

கேள்வி:
லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சிறு கணினியான ராஸ்பெர்ரி பை ஸீரோ 2015இல் 5 டாலருக்கு வெளிவந்தது. இத்தகைய ஒற்றைப் பலகைக் கணினிகளின் (முழுக் கணினியும் ஒரே மின்சுற்றுப் பலகையில் அமைந்தவை) மதிப்பை எதைக் கொண்டு கணிப்பது? அறையின் வெப்பநிலையைப் பதிவு செய்ய ஒன்று வாங்க எண்ணுகிறேன்.

பதில் 1:
பலகையின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். அந்த முதல் ஸீரோவில் வைஃபை கிடையாது. இருப்பவை மினி எச்.டி.எம்.ஐ., மைக்ரோ யூ.எஸ்.பி. துளைகள்தாம். ஆகவே மெமரி கார்டு, 5 வோல்ட் அடாப்டர், வைஃபை டாங்கிள், அதைச் செருகுவதற்கு ஓ.டி.ஜி. கேபிள் என ஒவ்வொன்றாக வாங்கி முடிப்பதற்குள் செலவு பலகையின் விலையைப் பல மடங்கு தாண்டிவிடும். 2017இல் 10 டாலருக்கு வந்த ஸீரோ டபிள்யூவில் வைஃபை உள்ளேயே இருப்பதால் அதுவே சிக்கனம்.

பதில் 2:
என்னைக் கேட்டால், விலையைவிட மென்பொருள் ஆதரவே முக்கியம். 9 டாலர் 'சிப்' கணினியைத் தயாரித்த நெக்ஸ்ட் திங் நிறுவனம் 2018இல் மூடப்பட்டது. பலகையிலுள்ள செயலிக்கு முதன்மை லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஆதரவு இல்லையென்றால், தயாரிப்பாளர் தந்த பழைய கெர்னலோடு, பாதுகாப்புத் திருத்தங்கள் ஏதுமின்றிக் காலந்தள்ள நேரிடும்.

பதில் 3:
வெப்பநிலையை மட்டும் பதிவதற்கு லினக்ஸே தேவையில்லை, ஈ.எஸ்.பி.32 என்ற நுண்கட்டுப்படுத்தி (இயங்குதளம் இல்லாமலே நிரலை ஓட்டும் சிறு சில்லு) போதும். மின்சாரம் திடீரென்று போனாலும் மெமரி கார்டில் கோப்புகள் சிதையுமோ என்ற கவலை அதில் இல்லை. தரவுத்தளமும் வலைப்பக்கமும் அதே கருவியில் இயங்க வேண்டுமானால் ஸீரோ டபிள்யூவை வாங்குங்கள்.