1604 லண்டன்: சாட்சி முன் வாக்குக் கொடுத்தாலே கல்யாணமா?

நெய்தல்:
1604 லண்டனில் நடக்கும் மேடை நாடகம் ஒன்று எழுதுகிறேன். கடையில் தொழில் பழகும் பையன், முதலாளி மகள். பாதிரியார் இல்லாமல் வீட்டிலேயே கைப்பிடித்துக் கல்யாணம் என்று காட்சி. இது செல்லுமா? வரதட்சணை எப்படிப் பேசுவார்கள்? அப்புறம் அவள் கையில் என்ன மிஞ்சும்?

பழஞ்சுவடி:
செல்லும். 1754 மார்ச் 25-ல் புதுச் சட்டம் அமலுக்கு வரும்வரை செல்லும். ஆனால் வசனத்தைப் பார்த்து எழுதுங்கள். இருவரும் "ஏற்கிறேன்" என்று சொன்னால் அந்த நிமிடமே கல்யாணம். "ஏற்பேன்" என்றால் நிச்சயதார்த்தம் மட்டுமே. இருவரும் ஒத்துக்கொண்டு முறித்துக்கொள்ளலாம். அதற்குள் படுக்கையைப் பகிர்ந்திருந்தால் அதுவும் முழுக் கல்யாணம்தான். "அப்பா பணம் கொடுத்தால்" என்று போட்ட நிபந்தனையும் அதோடு போச்சு.

சிக்கல் நிரூபிப்பதில். ஒருவர் பிறகு மறுத்தால் திருச்சபை நீதிமன்றம் இரண்டு சாட்சி கேட்கும். ஜெயித்தாலும், கோயிலில் (சர்ச்சில்) கல்யாணம் நடக்காவிட்டால் புருஷன் நிலத்தில் விதவைப் பங்கு தர சாதாரண நீதிமன்றம் ஒப்பாது. ஒரே ஜோடி, ஓரிடத்தில் தம்பதி, இன்னோரிடத்தில் இல்லை. உங்கள் நாடகமே இதில்தான் இருக்கிறது.

பையனுக்கு 18 வயது வைக்காதீர்கள். 1563 சட்டப்படி பயிற்சி குறைந்தது ஏழு வருடம், 24 வயதுக்கு முன் முடியாது. அதுவரை கல்யாணம் கூடாதென்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். சாதாரண ஜனங்கள் இருபதுகளின் நடுவிலோ கடைசியிலோதான் கட்டிக்கொண்டார்கள்.

கடைசிபெஞ்சு:
கோயில் பக்கம்: நம்மூர் கிறிஸ்தவர்கள் இன்றும் செய்கிற அதே மூன்று ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிறு வாசித்து, தடை சொல்ல ஆளில்லை என்றால் கல்யாணம், காலை 8 மணியிலிருந்து 12-க்குள். அவசரம் என்றால் பிஷப் அலுவலகத்தில் பிணைப்பத்திரம் கொடுத்து உரிமம் வாங்கலாம். 1582 நவம்பரில் ஷேக்ஸ்பியருக்கு அப்படித்தான் 40 பவுண்டு பத்திரம், ஒரே ஓலை. மாப்பிள்ளைக்கு 18, ஆன் ஹாத்தவேக்கு 26. அடுத்த மே மாதம் குழந்தைக்கு ஞானஸ்நானம். அட்வென்ட் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள்) தொடங்கிவிட்டால் ஜனவரி வரை கல்யாணம் கிடையாது என்பதும் அவசரத்துக்கு ஒரு காரணம்.

நூலகப்பூனை:
உங்கள் கதை நிஜத்தில் நடந்ததுதான்! சில்வர் தெருவில் பெண்களுக்குத் தலையணி செய்யும் மவுண்ட்ஜாய். அவரிடம் தொழில் கற்ற ஸ்டீபன் பெலட் 1604 நவம்பர் 19-ல் மகள் மேரியைக் கட்டினார். மாப்பிள்ளையைச் சம்மதிக்க வைக்கத் தூது போனவர் அங்கே வாடகைக்கு இருந்த ஷேக்ஸ்பியர். இருவரையும் கைப்பிடிக்க வைத்ததும் அவர்தான் என்று ஒரு சாட்சி சொன்னார்.

பேசியது 60 பவுண்டு, மாமனார் இறந்ததும் 200 என்பது பெலட்டின் வாதம். கிடைத்தது பழைய இறகு மெத்தை, பச்சைக் கம்பளம், முரட்டுத் துணி நாப்கின் ஒரு டஜன், சின்னக் கத்தரிக்கோல் இரண்டு ஜோடி, இப்படி. 1612-ல் வழக்கு. பணம் தருவதாகப் பேச்சு இருந்தது, எவ்வளவு என்று நினைவில்லை என்றார் ஷேக்ஸ்பியர். பெரியவர் நழுவிவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. இரு தரப்பும் பிரெஞ்சுக்காரர்கள் என்பதால் வழக்கு லண்டன் பிரெஞ்சு திருச்சபை மூப்பர்களிடம் போனது. கடைசியில் அவர்கள் விதித்தது 6 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ். மவுண்ட்ஜாய் அதையும் கொடுக்கவில்லை. வரதட்சணை எழுத்தில் இல்லாவிட்டால் இதுதான் கதி.

பழஞ்சுவடி:
மூன்றாவது கேள்விக்கு: அவளுடைய ரொக்கம், பண்டபாத்திரம் எல்லாம் அன்றே புருஷனுடையது. குத்தகை உரிமையை அவன் விற்கலாம். அவள் பேரில் சொந்த நிலம் இருந்தால் வருமானம் அவனுக்கு, விற்க மட்டும் அவள் சம்மதம் வேண்டும். நீதிபதி அவளைத் தனியாக அழைத்துக் கேட்பார். அவன் அனுமதி இல்லாமல் அவள் உயில்கூட எழுத முடியாது. விவரமான அப்பன்கள் சொத்தை அறங்காவலர்கள் பேரில் எழுதிவிடுவார்கள், சான்சரி நீதிமன்றம் அதைக் காக்கும்.

நெய்தல்:
அவன் செத்துப்போனால்?

பழஞ்சுவடி:
புருஷன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆயுள்வரை. கல்யாணத்துக்கு முன்பே அவள் ஜீவனத்துக்கென்று தனியாக நிலம் எழுதிவைத்திருந்தால், 1536 சட்டப்படி அந்த மூன்றில் ஒரு பங்கு கிடையாது. கல்யாணத்துக்குப் பின் எழுதியிருந்தால் எது வேண்டுமென்று அவளே தேர்ந்தெடுக்கலாம். லண்டன் குடிமகனின் (நகர உரிமை பெற்றவனின்) விதவைக்கு நகர வழக்கப்படி அசையும் சொத்திலும் பங்கு உண்டு: பிள்ளைகள் இருந்தால் மூன்றில் ஒன்று, இல்லாவிட்டால் பாதி. கடையையும் அவளே நடத்தலாம், பயிற்சிப் பையன்கள் அவளிடமே தொடர்வார்கள்.