மறு: சுக்கான் பழுதுபார்ப்பு: 'பிளவுத் துரு' வேண்டாம், 'இடுக்கரிப்பு' என்போம்

> உள்ளே எஃகு கெட்டுப்போவதைப் 'பிளவுத் துரு' என்று வைத்துக்கொள்ளலாமா? எல்லாருக்கும் புரியும். நடுவில் போகும் எஃகுத் தடிக்கு 'சுக்கான் அச்சு'.

ஐயா, வணக்கம்.

நம் படகுச் சொற்பட்டியலில், படகைத் திருப்பும் பலகைக்கு 'சுக்கான்' அப்படியே இருக்கட்டும், அதில் யாருக்கும் தகராறு இல்லை. 'பிளவுத் துரு'வைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அண்மையில் இங்கே பினாங்கில், பத்து மாவுங் பக்கம் ஒரு பட்டறையில் பழைய பாய்மரப் படகு ஒன்றின் சுக்கானைக் கழற்றிப் பிளந்தார்கள், கூடவே நின்று பார்த்தேன். நடுவில் எஃகுத் தடி, அதோடு வெல்டிங் செய்த தகடுகள், சுற்றிலும் நுரை, மேலே ஃபைபர் தோல், இதுதான் அதன் அமைப்பு. வெளியில் அந்தத் தோலில் மயிரிழை போல ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். ஆனால் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால் ஓரிடம் வரைக்கும் டக் டக்கென்று கெட்டியான சத்தம், அப்புறம் பொத் பொத்தென்று மாறிவிட்டது. அடியில் துளை போட்டதும் பழுப்புத் தண்ணீர் வடிந்தது. தோலை அறுத்து, ஊறிப்போன நுரையைச் சுரண்டி எடுத்த பிறகு பார்த்தால், தடியில் வெளியே தெரிந்த பகுதியெல்லாம் பளபளவென்று இருக்க, தோலுக்குள் நுழையும் இடத்தில் மட்டும் எஃகில் குழி குழியாக இருந்தது. போதாததற்கு, தடியோடு வெல்டிங் செய்திருந்த தகடுகளில் ஒன்று கையோடு வந்துவிட்டது.

அந்தத் தடி எவர்சில்வர். எவர்சில்வரைக் காப்பது அதன் மேல் படிந்திருக்கும் குரோமியம் ஆக்சைடுப் படலம். கீறல் விழுந்தாலும் ஆக்சிஜன் கிடைத்தால் அது தானாக மறுபடி உண்டாகிவிடும். எஃகுக்கும் ஃபைபருக்கும் நடுவில் உப்புத்தண்ணீர் புகுந்து தேங்கிவிட்டால் அங்கே ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, குளோரைடு சேருகிறது, தண்ணீரே அமிலத்தன்மை அடைகிறது, படலம் அழிந்து திரும்ப உண்டாக வழியில்லாமல் போகிறது. மாலிப்டினம் என்ற உலோகம் சேர்த்த '316' வகை எவர்சில்வர்கூட இதற்குத் தப்புவதில்லை. ஆகவே காரணம் அந்த இடுக்குதான். 'பிளவு' என்று எழுதினால் படிப்பவர் எஃகில் வெடிப்பைத் தேடுவார். தவிர, இழுவிசையும் அரிப்பும் சேர்ந்து எஃகு உண்மையிலேயே வெடிக்கிற கோளாறு தனியாக ஒன்று உண்டு, 'பிளவு' என்ற சொல் அதற்கு வேண்டும். 'துரு'வும் சரிவராது, அது மேலே செம்மையாகத் தெரிவது, தேய்த்தால் போகும் என்ற நினைப்பைக் கொடுத்துவிடும். இது கறையான் அரித்த நிலைக்கதவு மாதிரி, வெளியில் ஒன்றும் தெரியாது.

அதனால் 'இடுக்கரிப்பு'. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'அரிமானம்' இருக்கிறது, அதை ஒட்டி 'இடுக்கு அரிமானம்' என்று கட்டுரையில் எழுதுகிறவர்கள் எழுதட்டும், தப்பில்லை. ஆனால் பட்டறையில் நின்று ஒருவர் வாயால் சொல்லப்போகும் சொல் குட்டையாக இருக்க வேண்டும். அரிப்பு என்றால் சொறி ஞாபகம் வரும் என்று யாராவது சொல்வார்கள். மண்ணரிப்பு, கடலரிப்பு எல்லாம் நாளிதழில் தினமும் வருகிறதே, அப்போது யாருக்கும் அந்த ஞாபகம் வருவதில்லை.

அடுத்தது 'அச்சு'. புதுச் சுக்கான் செய்யும்போது ஃபைபரை வார்ப்பதற்கும் அச்சுதான். 'அச்சை எடுத்து அச்சில் வை' என்று குறிப்பில் வந்தால் எதை எடுப்பது, எதில் வைப்பது? 'சுக்கான் தண்டு' என்றால் இந்தக் குழப்பம் இல்லை.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம், பழுதுபார்ப்பதா மாற்றுவதா என்று படகுக்காரர் முடிவெடுப்பதே இந்தச் சொற்களை வைத்துத்தான். தண்டு நன்றாக இருந்து தகடு மட்டும் விட்டிருந்தால் திரும்ப வெல்டிங் செய்து, புது நுரை நிரப்பி, எபாக்சிப் பசையும் கண்ணாடி இழைத் துணியும் போட்டு மூடிவிடலாம். தண்டிலேயே இடுக்கரிப்பு ஆழமாக இறங்கியிருந்தால் தண்டை மாற்றியே ஆக வேண்டும், அதுவும் கீழே தாங்கல் இல்லாத தொங்கு சுக்கானில், படகின் அடியிலிருந்து தண்டு வெளிவரும் இடத்தில்தான் வளைவிசை மிக அதிகமாக விழுகிறது, அங்கே முறிந்தால் நடுக்கடலில் சுக்கானே போய்விடும்.

பட்டியலில் இப்படிச் சேர்த்துவிடுங்கள் ஐயா: 'இடுக்கரிப்பு: ஆக்சிஜன் எட்டாத இடுக்கில் தேங்கிய உப்புநீரால் எவர்சில்வர் குழிந்து அரிபடுவது.' தோலும் நுரையும் விட்டுப் பிரிவதற்கு 'தோலுரிவு' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். உரிந்து விழுவதில்லையே, உள்ளேயே விட்டுப்போகிறது, அதனால் 'அடுக்குவிடல்' பொருந்துமா என்று பாருங்கள்.